கைவருதல்

‘கை’ என்பது ஓரெழுத்தொருமொழி. எழுத்து ஒன்று, பொருளோ பல. உறுப்பைக் குறிக்கும், பக்கத்தைக் குறிக்கும், ஒழுக்கத்தையும் குறிக்கும். வினைச்சொல்லோடு கூடினால் அதன் ஆட்சி இன்னும் விரிந்துவிடும். எண்ணிய கருமம் முடிந்தால் கைகூடிற்று என்கிறோம். பயின்ற வித்தை வாய்த்தால் கைவந்தது என்கிறோம். துணையாக நின்றவர் நீங்கினால் கைவிட்டார் என்கிறோம். துயரத்தின் எல்லைக்குப் புறத்திணை இலக்கணத்தார் இட்ட பெயர் ‘கையறுநிலை’. செயலற்றுப் போதலைக் கை அற்றுப் போதலாகவே கண்டது தமிழ். இச்சொற்களைக் கரும்பலகையில் எழுதி விளக்குவது என் தொழில். அவை உருவகமாக நில்லாமல் ஒரு குடும்பத்திலே மெய்யாகவே நிகழ்ந்துவிடுவதும் உண்டு. பாரிசவாதம் வந்த வீடு அத்தகையது.

நோயின் பெயரைச் சற்று ஆராய அன்பர்கள் இடந்தரவேண்டும். பெயராராய்ச்சி பண்டிதர்களுக்குப் பிறவிக்குணம். தமிழகத்தார் பக்கவாதம் என்பர். ஈழத்தவராகிய நாம் பாரிசவாதம் என்போம். பார்சுவம் என்னும் வடசொல்லே பாரிசமாயிற்று. அதற்கும் பக்கம் என்பதே பொருள். வடமொழி மருத்துவர் பக்ஷாகாதம் என்றனர். பக்ஷம் பக்கமுமாம், சிறகுமாம், ஆகாதம் அடி. ஒரு சிறகிலே அடிபட்ட பறவை கண்முன் வருகிறதல்லவா? ஆங்கிலேயர் சொல்லும் ‘ஸ்ட்ரோக்’ என்பதற்கும் அடி என்பதே பொருள்.

ஆனால், அடி உண்மையில் விழுவது தலையிலே. மூளைக்குக் குருதி கொண்டுசெல்லும் குழாய் ஒன்று அடைபடுகிறது, அல்லது வெடிக்கிறது. அவ்விடத்து நரம்பணுக்கள் சில நிமிடங்களிலேயே மடியத் தொடங்குகின்றன. இடமூளை கெட்டால் வலக்கை விழும். வலமூளை கெட்டால் இடக்கை விழும். கையிலே எலும்பு முறியவில்லை, தசை அறவில்லை. மேலிருந்து வரவேண்டிய ஏவல் வரவில்லை, அவ்வளவே. தலைநகரிலிருந்து ஓலை வராமையாற் பாசறையிலே வாளாவிருக்கும் படையைப் போல அது கிடக்கிறது.

ஊவா மலைகளிலே இவ்வாறு விழுகின்ற கை எத்தகையது என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். பசறை, மடுல்சீமை, நமுனுகுல, தெமோதர, ஹாலிஎல முதலிய இடங்களைச் சூழ்ந்த தோட்டங்களின் சீவனம் முழுவதும் விரல்நுனியிலே நிற்கிறது. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகிய தளிரைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே ஒடிக்கவேண்டும். கைப்பிடி நிறைந்ததும் தோளுக்கு மேலாக முதுகுக் கூடையில் எறியவேண்டும். இரு கையும் ஒன்றையொன்று முந்திக்கொண்டு செல்லும் இவ்வேலை ஒரு நாளிலே ஆயிரக்கணக்கான முறை நிகழ்கிறது. தோட்டத்து வழக்கிலே ஒரு நாள் வேலைக்குப் ‘பேர்’ என்று பெயர். கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர். ஒரு கை விழுந்தவளுக்கு அந்த அரைப்பேரும் இல்லை. கையோடு பேரும் போய்விடுகிறது.

இந்நோய் அருமையாக வருவதொன்றன்று. கொழும்பிலே நிகழ்த்தப்பெற்று 2015ஆம் ஆண்டிலே வெளியான ஆய்வொன்று, வயதுவந்தோர் ஆயிரவரிற் பதின்மர் பாரிசவாதம் கண்டவர் என்று கணக்கிட்டது. அவர்களுட் பலருக்கு நடை ஓரளவு மீளும். கைதான் பின்தங்கும். நடப்பதற்குக் கால் தூணாக நின்றாலும் ஒருவாறு போதும். கைக்கோ விரல் ஒவ்வொன்றும் தனித்தனியே ஏவல் கேட்கவேண்டும். இதனாலேயே, “மூன்று மாதத்துக்குள் வந்தால் வந்தது, பிறகு அது போன கைதான்” என்னும் வாக்கு லயங்களிலும் நகரங்களிலும் ஒருங்கே வழங்குகிறது. முதல் மாதங்களில் முன்னேற்றம் விரைவு என்பது மெய். அதற்குப்பின் கதவு அடைபட்டுவிடும் என்பது மெய்யன்று. இதனை ஐயமற விளங்கவைத்தது, கையைத் தேடிச் சென்ற மின்சாரம்.

மின் என்றால் நம் முன்னோருக்கு வானத்து மின்னல். அதனை உடம்பிலே பாய்ச்சி நோய் தீர்க்கலாமென்னும் எண்ணம் மிகப் பழையது. கி.பி. முதலாம் நூற்றாண்டில் உரோமாபுரியில் வாழ்ந்த ஸ்கிரிபோனியஸ் லார்கஸ் என்னும் மருத்துவர், தலைவலிக்கும் கால்வீக்க வாதத்துக்கும் மின்பாய்ச்சும் கடல்மீனொன்றை உயிரோடு உடம்பிற் படவைக்கும்படி எழுதிவைத்தார். அம்மீன் நம்மவர் திருக்கை என்று கூறும் இனத்துக்கு உறவானது. மீனின் பெயரிலும் கை வந்து நிற்பதைக் கண்டு நான் மகிழ்ந்ததுண்டு; பொருளொற்றுமை ஒன்றுமில்லை.

இதனினும் சுவையான செய்தி பதினெட்டாம் நூற்றாண்டினது. மின்சாரத்தால் நோய் தீர்ந்ததென்று செய்தித்தாள்களில் வந்தவற்றைக் கேள்வியுற்றுப் பாரிசவாதக்காரர் பலர் அமெரிக்கப் பேரறிஞர் பெஞ்சமின் பிராங்கிளினை நாடி வந்தனர். அவரும் விழுந்த கைகால்களில் மின்னைப் பாய்ச்சிப் பார்த்தார். முதற் சில நாள் கையிலே சூடு பிறந்தது, அசைவு கூடிற்று, நோயாளர் மகிழ்ந்தனர். ஐந்தாம் நாள் அளவிலே முன்னேற்றம் நின்றது. மனஞ்சோர்ந்து வீடு திரும்பியவர்கள் மீண்டும் பழைய நிலையை அடைந்தனர். 1757ஆம் ஆண்டு இலண்டனிலுள்ள மருத்துவர் ஜோன் பிரிங்கிளுக்கு எழுதிய கடிதத்தில் இதனை அவர் ஒளியாது கூறினார். நிலையான பயன் எதனையும் தாம் காணவில்லை என்றார். அந்தச் சிறிதுகாலப் பயன்கூட மின்சாரத்தால் வந்ததோ, நாள்தோறும் நடந்துவந்த பயிற்சியால் வந்ததோ, குணமாகும் என்ற நம்பிக்கை தந்த ஊக்கத்தால் வந்ததோ, தம்மாற் சொல்லவியலாது என்றும் எழுதினார். தம் பொறியின் பெருமையைத் தாமே ஐயுற்ற அறிஞர்! அவர் எழுப்பிய வினா இருநூற்றறுபது ஆண்டுக்கு மேல் விடையின்றிக் கிடந்தது.

இடைக்காலத்தை விரைந்து கடக்கலாம். இத்தாலியராகிய கால்வானி, மின் பட்டால் இறந்த தவளையின் கால் துடிப்பதை 1791இல் வெளியிட்டார். பிரான்சிலே டூஷென் என்னும் மருத்துவர், தோலின்மேல் மின்வாய்களை வைத்துத் தசைகளைத் தனித்தனியே இயக்கும் முறையை 1855இல் நூலாக்கினார். 1961இல் அமெரிக்காவில் லிபர்சன் என்பவரும் அவர் கூட்டத்தாரும், நடக்கும்போது பாதம் தொங்கிப்போகும் நோயாளருக்கு, குதிகால் நிலத்தை விட்டெழும் நேரத்திலே நரம்பைத் தூண்டிப் பாதத்தை உயர்த்தும் கருவியைச் செய்தனர். ‘நேரத்திலே’ என்னும் சொல்லை வாசகர் நினைவில் வைத்துக்கொள்க.

இன்று கைக்கு மின்தூண்டல் இருவகையாக நிகழ்கிறது. முதலாவது தோலின்மேல். பாரிசவாதத்திலே விரல்கள் உள்ளே மடங்கி முட்டியாக இறுகும். விரிக்கும் தசைகள் தளரும். ஆகையால், முன்கையின் புறப்பக்கத்தில் ஒட்டுத்தகடுகளை வைத்துச் சிறு மின்னோட்டத்தை விடுகின்றனர். மணிக்கட்டு நிமிர்கிறது, விரல்கள் மலர்கின்றன. முதன்முறை காண்பவர் இதனை அற்புதம் என்றே கொள்வர். மின்னை நிறுத்தினால் மலர்ந்தது கூம்பிவிடும். நோயாளி வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்கக் கை தானாகத் துள்ளுவதில் மூளை கற்பது மிகக் குறைவு. விரிக்க வேண்டுமென்று அவர் முயலும் தருணத்திலே மின் துணைக்கு வரவேண்டும். நோயாளியின் முயற்சியால் தசையில் எழும் நுண்ணிய குறியை அறிந்து, அதன்பின்னரே மின்னைச் செலுத்தும் பொறிகளும் உள. பிரித்தானியாவிலே 2013ஆம் ஆண்டு வகுத்த மருத்துவ வழிகாட்டி, இதனை எல்லோருக்கும் வழக்கமாகக் கொடுக்கவேண்டா என்றது; தசையிலே சுருக்கம் தோன்றியும் எதிர்ப்பை மீறிக் கையை அசைக்க வலியில்லாதவருக்குக் கொடுத்துப் பார்க்கலாம் என்றது. அளவான தீர்ப்பு.

இரண்டாவது வகை வியப்பானது. மூளைத்தண்டிலிருந்து புறப்பட்டுக் கழுத்து வழியே இறங்கி, இதயம், நுரையீரல், இரைப்பை என்று உடம்பின் உள்ளெல்லாம் சுற்றித்திரியும் நரம்பொன்று உண்டு. அலைந்து திரிவது என்னும் பொருளுடைய ‘வேகஸ்’ என்ற இலத்தீன் பெயரை அதற்கு இட்டனர். அலைநரம்பு என்று நாம் கூறலாம். இந்த நரம்பு கைக்குச் செல்வதேயில்லை! அவ்வாறாயின் கைக்காக இதனைத் தூண்டுவது எதற்கு?

விடை ஆசிரியர்களுக்கு எளிதில் விளங்கும். ஒரு பிள்ளை தட்டுத்தடுமாறி ஒரு வெண்பாவைச் சீர்பிரித்து, தளை சரியாகக் கண்ட அந்தக் கணத்திலே, “சபாசு” என்று நாம் கூறினால் அது பசுமரத்தாணி. அடுத்தநாட் கூறினால் பாதிப்பயன். சரிக்கும் பிழைக்கும் ஒன்றுபோலக் கூறிக்கொண்டிருந்தால் பயனேயில்லை. அலைநரம்பைத் தூண்டினால், கற்றதை நிலைநிறுத்த உதவும் சில இரசாயனப் பொருள்கள் மூளையிலே சுரக்கின்றன. கை ஒரு தொழிலைச் செய்யும் அதே நேரத்தில் அரை விநாடி அந்நரம்பைத் தூண்டுவது, மூளைக்கு உள்ளிருந்தே “சபாசு” சொல்லுவதாகும். அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்து டலஸ் வளாகத்தில் எலிகளைக் கொண்டு இதனைப் பல்லாண்டு சோதித்தனர். தூண்டல் காலந்தாழ்ந்து வந்தபோது பயன் குறைந்தது.

பின்னர் மனிதரிடத்துச் சோதனை. 2021ஆம் ஆண்டு ‘லான்செற்’ என்னும் மருத்துவ ஏட்டில் அதன் முடிவு வெளியாயிற்று. பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் 108 பேர் பங்கு பற்றினர். நோய் கண்டு ஒன்பது மாதம் முதற் பத்தாண்டு வரை சென்றவர்கள் இவர்கள். ‘போன கை’ என்று விடப்பட்டவர்கள். எல்லோருக்கும் நெஞ்சிலே சிறு கருவியைப் பதித்துக் கழுத்திலுள்ள இடப்பக்க அலைநரம்போடு இணைத்தனர். எல்லோருக்கும் ஆறு வாரம், வாரத்துக்கு மூன்று முறை, ஒரே பயிற்சி: எட்டிப் பிடித்தல், புரட்டுதல், மூடி திறத்தல், உண்பதுபோற் செய்தல் முதலியன. ஒரு முறைக்கு முந்நூற்றுக்கு மேற்பட்ட அசைவுகள். ஒரு சாராருக்கு மாத்திரம் மெய்யான தூண்டல். மற்றையோருக்குக் கருவி இருந்தும் அது இல்லை. தமக்கு எது கிடைத்ததென்று நோயாளர் அறியார். கையின் திறத்தை 66 புள்ளிகொண்ட அளவையால் அளந்தபோது, தூண்டல் பெற்றவர் சராசரி 5 புள்ளி ஏறினர், பெறாதவர் 2.4 புள்ளி. வாழ்க்கையிலே வேறுபாடு உணரத்தக்க 6 புள்ளி ஏற்றத்தை, மூன்று மாதத்தின்பின், முதற் சாராரில் நூற்றுக்கு 47 பேரும் இரண்டாம் சாராரில் 24 பேரும் எய்தியிருந்தனர். அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்திலேயே அமெரிக்க அரசின் அங்கீகாரமும் கிடைத்தது.

மேனாட்டுப் பத்திரிகைகள் நாற்பத்தேழைக் கொண்டாடின. என் மனம் இருபத்துநான்கிலே தங்கிற்று. நோய் கண்டு ஆண்டுகள் கழிந்தும், மின்னின் துணையில்லாமல், பயிற்சியொன்றாலேயே நால்வருள் ஏறக்குறைய ஒருவர் அந்த நிலையை அடைந்திருக்கிறார். பிராங்கிளின் ஐயுற்ற இரண்டும் இங்கே தனித்தனியே நிறுக்கப்பட்டுவிட்டன. மின்சாரத்துக்குத் தனிப்பயன் உண்டு. பயிற்சிக்கும் தனிப்பயன் உண்டு. முன்னது அறுவைச் சிகிச்சையும் பெருஞ்செலவும் வேண்டுவது. பதுளைக்கு அது என்று வருமோ, வரட்டும். பின்னதற்கு வேண்டுவது பதினெட்டு முறை முந்நூறு: ஐயாயிரத்து நானூறு அசைவுகள். தேயிலைமலையிலே ஐயாயிரம் ஓர் எண்ணா? கொழுந்தெடுக்கும் பெண்ணொருத்தி சில நாளிலே கடந்துவிடும் தொகை. உலகில் எவருக்காயினும் இந்த மருத்துவத்தின் இலக்கணம் இயல்பாக விளங்குமானால் அது எங்கள் தோட்டத்துப் பெண்களுக்கே விளங்கும்.

விளங்கியும் நடவாமற் போவதற்குக் காரணம் இருக்கிறது. எட்வர்ட் டோப் என்னும் ஆராய்ச்சியாளர் குரங்குகளிடத்துக் கண்டது இது: ஒரு கை சிலகாலம் பயன்படாவிட்டால் மற்றக் கை எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்ளும், அதன்பின் அந்தக் கைக்கு வலி மீண்டாலும் குரங்கு அதனைப் பயன்படுத்தாது. பயன்படுத்தாமையையே அது கற்றுக்கொண்டுவிட்டது. மனிதரிடத்து இதற்கு அன்பும் துணைசெய்கிறது. மருமகள் ஊட்டுகிறாள், மகன் சட்டைப் பொத்தானைப் பூட்டுகிறான், விழுந்த கை மடியிலே கிடந்து இறுகுகிறது.

பசறை வீதியிலுள்ள தோட்டமொன்றில் என் மாணவன் ஒருவனுடைய தாயாருக்கு வலக்கை இவ்வாறு விழுந்தது. வைத்தியசாலையிலிருந்து வந்து நாலாம் மாதம் நான் சென்று பார்த்தேன். லயத்துக் காம்பிராவின் வாசலிலே, கையைத் துண்டால் மூடிக்கொண்டு இருந்தார். “பாக்க வந்தீங்களே, அதுவே போதும் ஐயா. கை இனி வராதுங்க” என்றார். கை முழுவதும் உயிரற்றதன்று. கட்டைவிரல் சிறிது அசைந்தது. இயன்மருத்துவர் காட்டிக்கொடுத்த பயிற்சிகள் இருந்தன. மாதத்துக்கு ஒரு முறையே நகரத்துக்குப் போகமுடிந்தது. போகும் நாளெல்லாம் துணைக்குச் செல்பவருடைய பேர் கெடும். இடையிலுள்ள நாள்களிற் பயிற்சி இரண்டு மூன்று முறையோடு நின்றுவிடும். “வலிக்குது, வேணாம்பா” என்றால் எந்தப் பிள்ளைதான் வற்புறுத்தும்?

அந்தப் பிள்ளை கெட்டிக்காரன். முந்நூறு என்ற எண்ணை நான் சொன்னதும், கடைப்புளியிலிருந்து எடுத்த கொட்டைகள் நூற்றைக் கழுவித் தட்டிலே வைத்தான். ஒவ்வொன்றாக எடுத்துச் சிரட்டைக்குள் இடவேண்டும். அதுவே பயிற்சி, அதுவே கணக்கு. முதல்நாள் ஏழு கொட்டை. தட்டிலிருந்து சிரட்டைக்குப் போகும் வழியிலே பாதி விழுந்தன. அடுத்த கிளினிக்குக்குப் போனபோது மருத்துவர் இதனை ஒப்புக்கொண்டு, முன்கைக்கு மின்தகடும் வைத்தார். தகடு வைத்திருக்கும்போதே விரலை விரிக்க முயலும்படி சொன்னார். வேறொரு நாள் பையன் கவ்வாத்து மலையிலிருந்து தேயிலைக் கொப்பொன்றைக் கொணர்ந்து மண் நிரப்பிய பால்மாப் பேணியில் நட்டுவைத்தான். தாய் சிரித்தார். ஆனால் கை அதற்குத்தான் நீண்டது. ஒன்பதாம் மாதம் வலக்கையால் தேநீர்க் கோப்பையைப் பிடித்தார். இடக்கையும் கீழே தாங்கத்தான் வேண்டியிருந்தது. கொழுந்து மலைக்குத் திரும்பவில்லை. திரும்புவார் என்று நான் எழுதினால் அது பொய்யாகும்.

இதனைக் கண்டவர் ஒருவர் கடையிலே மின்பொறி வாங்கி ஒட்டிக்கொண்டால் என்ன என்று என்னைக் கேட்டார். மருத்துவரைக் கேளாமற் செய்யற்க. இதயத்திலே மின்கருவி பொருத்தியவர், கருவுற்ற பெண்கள், வலிப்புநோய் உள்ளவர் ஆகியோருக்கு இது கேடாகலாம். உணர்ச்சியற்ற தோலிற் சூடு தெரியாது, புண்ணாகிவிடும். கழுத்தின் முன்புறத்திலே தகடு வைப்பது ஆபத்து. அலைநரம்பைத் தூண்டுவது சத்திரசிகிச்சை நிபுணரின் வேலை. இன்னொன்று. வாய் கோணினால், கை தளர்ந்தால், பேச்சுக் குழறினால் எண்ணெய் தேடி நாழிகை போக்கற்க. குருதிக்கட்டியைக் கரைக்கும் மருந்து நாலரை மணிநேரத்துக்குள்ளே கொடுக்கவேண்டியது. நேரத்தைக் குறித்துக்கொண்டு 1990 என்னும் எண்ணை அழைத்தால் ‘சுவசெரிய’ அம்புலன்ஸ் கட்டணமின்றி வரும்.

எனக்கு மருத்துவம் தெரியாது, எழுதத் தெரியும். ஆகவே இயன்மருத்துவர் சொன்ன பயிற்சிகளை அந்தத் தாயாருக்காகத் தமிழில் ஒரு தாளிலே எழுதிக் கொடுத்தேன். அவர் அதனைப் பார்த்துச் சரி என்ற பின்னரே சுவரில் ஒட்டினோம். ‘மணிக்கட்டைப் புறநோக்கி நிமிர்த்துக’ என்று எழுதப் பேனா உந்திற்று. ‘கதவைத் தள்ளுறது மாதிரி கையை நிமித்து’ என்று எழுதினேன். ‘முழங்கையை நீட்டுக’ என்பது ‘தண்ணி வாளியை எட்டித் தொடு’ என்றாயிற்று. வல்லின ஒற்றுப் பார்த்துத் திருத்தும் கையினால் இவ்வாறு எழுதுவது ஒரு தனி அனுபவம். இப்பத்தியை வாசிக்கும் ஆசிரியர்கள் தத்தம் ஊரிலே இத்தகைய தாள் நாலைந்து எழுதிக்கொடுத்தால் நன்று. வைத்தியசாலையிலுள்ளவர்கள் மகிழ்ந்து சரிபார்ப்பர். என் தாளின் கடைசி வரியை நான் எழுதவில்லை. அந்தத் தாயார் சொல்ல, மகன் எழுதினான்: ‘கொழுந்து ஒடிக்கிற மாதிரி, பெருவிரலும் ஆள்காட்டி விரலும். நூறு. கூடையில போடுறது மாதிரி கையைத் தூக்கு. நூறு.’